குவாச்சியின் கோளாறுப் பட்டியல்

ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருள் நின்றுவிட்டால் செபாஸ்டியனுக்கு மனசு கேட்காது. மின்விசிறியாகட்டும், அரைக்கும் இயந்திரமாகட்டும், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய ரேடியோவாகட்டும், கேட்காமலேயே திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இயந்திரங்களைப் பழுது பார்த்த கை அது. ஜார்ஜ் டவுனில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பழைய அடுக்குமாடியில், ஆறாவது மாடியில் வீடு. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு கடல் பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் ஜுருவுக்குப் போகும். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாளெல்லாம் ஜுரு. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

போன ஜூன் மாதம் அறுபது வயது முடிந்து ஓய்வு கொடுத்தார்கள். பிரியாணி போட்டு, மாலை போட்டு, படம் எடுத்து அனுப்பினார்கள். "இனிமே பத்து மணி வரைக்கும் தூங்கப் போறேன்லா" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தவர், மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டார். செய்ய ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மனைவி ரீத்தாவின் நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்து, நிறவாரியாக எண் போட்டு அடுக்கி வைத்தார். ரீத்தா வீட்டு முன்கூடத்தில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைப்பவர். எந்த நூல் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவருக்கு, அன்று ஒரு சிவப்பு நூலைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. முப்பத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று தெரியும்.

ஆனால் செபாஸ்டியனுக்கு வீட்டில் ஒரு பெரிய கொண்டாட்டம் காத்திருந்தது. அதன் பெயர் குவாச்சி. ஆறு வருஷத்துக்கு முன்னால், தொழிற்சாலை வாசலில் நின்ற ஒரு காரின் இன்ஜினுக்குள்ளிருந்து கத்தல் கேட்கிறது என்று ஆளுக்கு ஆள் ஓடியபோது, கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தது அவர்தான். உள்ளங்கைக்குள் அடங்கிய கறுப்புக் குட்டி, நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு. சீனப் புத்தாண்டுக்குக் கொறிக்கிற குவாச்சி விதை மாதிரியே இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். இப்போது நான்கரை கிலோ எடையில், குடும்பக் கட்டுப்பாடு செய்யப்பட்ட கௌரவமான ஆண் பூனை. மகள் கிறிஸ்டல் கல்யாணமாகி ஜொகூருக்குப் போன பிறகு, வீட்டில் மூன்றாவது ஆள் அதுதான்.

இத்தனை வருஷமாக அதைச் சாயங்காலம் கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் என்றுதானே பார்த்தோம், இனிமேல் முழு நாளும் நம்முடையது என்று செபாஸ்டியன் பூரித்துப் போனார். காலையில் எழுந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை ஒரு சுற்று. பத்து மணிக்கு அது தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும். எழுப்பி ஒரு தீனி கொடுப்பார். பதினொரு மணிக்கு ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கப்பல் காட்டுவார். மதியம் சாப்பிட்டுவிட்டு அதை வயிற்றின்மேல் படுக்க வைத்துக்கொள்வார். அது நழுவிப் போனால் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இழுத்து வந்து மறுபடியும் படுக்க வைப்பார். அது வாலைப் பட்டு பட்டென்று அடிக்கும். "பாத்தியா, சந்தோஷத்துல வால ஆட்டுது" என்று ரீத்தாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். இயந்திரங்களின் முனகலைக் கேட்டே நோய் சொல்கிற மனுஷன், ஒரு பூனை எரிச்சலில் வாலை அடிப்பதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

ஆகஸ்டு மாதம் கோளாறு தொடங்கியது. நல்லம்மாள் என்கிற வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போன பட்டுத் துண்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தது. குவாச்சி அதன்மேல் ஏறி, குந்தி உட்கார்ந்து, சிறுநீர் கழித்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடத் தன் மணல் பெட்டியைத் தவிர வேறெங்கும் சிறுநீர் கழிக்காத பூனை. ஏதோ ஒருமுறை, அவசரம் போலிருக்கிறது என்று இருவரும் விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் தலையணையில். பிறகு இஸ்திரி போடும் மேசையில். பிறகு வெட்டி வைத்த லைனிங் துணியில். ரீத்தா குளோரின் கலந்த தண்ணீரைப் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கையைப் புண்ணாக்கிக்கொண்டார். துடைத்த இடத்துக்கே அது திரும்பத் திரும்ப வந்தது. துணி கொடுத்தவர்கள் மூக்கைச் சுளிக்காமல் உள்ளே வருகிறார்களா என்று கவனிக்க வேண்டிய நிலைமை ஒரு தையல்காரிக்கு வந்தால் எப்படி இருக்கும்? ரீத்தாவுக்கு அந்த மாதங்களில் சரியாகத் தூக்கமே இல்லை.

அக்டோபர் நடுவில் எல்லாவற்றுக்கும் சிகரமாக அது நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்குக் கோயில் பீடத்தில் விரிப்பதற்காக ஊதா நிறத் துணி ஒன்றை ரீத்தா தைத்துக்கொண்டிருந்தார். ஓரம் முழுக்கத் தங்க நூல், கையால் போட்ட வேலை, மூன்று வாரம். முடித்து, மேசைமேல் விரித்து, செபாஸ்டியனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்த் திரும்புவதற்குள் குவாச்சி அதன் நடுவில் குந்தியிருந்தது.

ரீத்தா கத்தவில்லை. கத்தியிருந்தால் செபாஸ்டியனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். துணியைச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க. திருவருகைக் காலத்து மொத ஞாயிறு வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல முடியாதுங்க. டேரில் கேட்டுக்கிட்டே இருக்கான், கொண்டு போய் விட்டுருங்க."

டேரில் ரீத்தாவின் அக்காள் மகன். ஜுருவில் கார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். எலித் தொல்லைக்கு ஒரு பூனை வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், சோறு போடுவான். ஆனால் பட்டறை என்றால் நாள் முழுக்கக் கார் உள்ளே வருவதும் பின்னால் எடுப்பதுமாக இருக்கும். இன்ஜினுக்குள்ளிருந்து எடுத்து வந்த உயிரைத் திரும்பவும் இன்ஜின்களுக்கு நடுவே கொண்டுபோய் விடுவதா? செபாஸ்டியனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கண் விழித்தால் அவருக்கு என்று இருக்கிற ஒரே வேலை அந்தப் பூனைதான். அதுவும் போய்விட்டால் ஆறாவது மாடி ஜன்னலில் நின்று கப்பலை எண்ண வேண்டியதுதான்.

மறுநாளே கூடையில் போட்டு மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் ரொஸ்னா நிதானமான பெண். முதலில் சிறுநீரைப் பரிசோதித்தார். ஆண் பூனைக்கு அடைப்பு ஏற்பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று மலாய் மொழியில் சொன்னபோது செபாஸ்டியன் கூடையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். நல்லவேளையாக அடைப்பும் இல்லை, கிருமியும் இல்லை. நின்றபடி சுவரில் பீய்ச்சுகிறதா, குந்திப் போகிறதா என்று கேட்டார். குந்தித்தான் என்றார் இவர். அப்படியென்றால் இது எல்லைக்குச் சண்டை போடுகிற விஷயம் இல்லை, மனசில் ஏதோ அழுத்தம் இருக்கிறது, அதனால்தான் மெத்தென்ற இடமாகத் தேடிப் போகிறது என்றார் டாக்டர். பூனை பழிவாங்குவதில்லை, தனக்குச் சரியில்லை என்பதைச் சொல்ல அதற்கு வேறு வாய் கிடையாது. வீட்டில் என்ன மாறியது என்று கண்டுபிடியுங்கள், அதுதான் மருந்து என்று சொல்லி அனுப்பினார்.

என்ன மாறியது என்று கண்டுபிடிப்பதா? செபாஸ்டியனுக்கு அதைவிடப் பிடித்த வாக்கியம் உலகத்தில் கிடையாது. முப்பத்தோரு வருஷம் அவர் செய்ததே அதுதானே. தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் தகராறு செய்தால் நான்கு கட்டம் போட்ட தாளை எடுப்பார்கள்: மனிதன், இயந்திரம், பொருள், முறை. கோளாறு இந்த நான்கில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அடிக்கோல் வைத்து நான்கு கட்டம் வரைந்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். பக்கத்தில் இன்னொரு தாள்: தேதி, நேரம், இடம். ரீத்தா அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"இயந்திரம்" என்ற கட்டத்தில் மணல் பெட்டி. அது மூடி போட்டது, குளியலறைக்குள் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இயந்திரம் உதறும்போது பூனை உள்ளே இருந்தால் பயப்படாதா? மூடியைக் கழற்றி, பெட்டியை அமைதியான மூலைக்கு மாற்றி, கூடத்தில் இரண்டாவது பெட்டி ஒன்றும் வைத்தார். "பொருள்" கட்டத்தில் மணல். வாசனை போட்ட மணலை நிறுத்திச் சாதா மணல் வாங்கினார். "முறை" கட்டத்தில் குளோரின். அந்த நெடி பூனையின் மூக்குக்குச் சிறுநீர் நெடி மாதிரியே தெரியும், அதனால்தான் துடைத்த இடத்துக்கே போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கிளினிக்கில் விற்கிற வேறு திரவத்தால் துடைக்கச் சொல்லி ரீத்தாவிடம் கொடுத்தார். பூனைக்கு உயரமான இடம் வேண்டும் என்பதால் ஜன்னலுக்கு மேல் பலகை அடித்து, அதற்குப் படிப்படியாக மூன்று சின்னப் பலகைகளும் அடித்தார். எல்லாம் நல்ல காரியங்கள். எதிலும் குறை சொல்ல முடியாது.

"மனிதன்" என்ற கட்டத்தில் ஐந்து பேரின் பெயரை எழுதினார். ஒன்று, ரீத்தா: தையல் இயந்திரச் சத்தம். இரண்டு, நல்லம்மாள்: சென்ட் அதிகம். மூன்று, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. நான்கு, சமையல் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். ஐந்து, ஜொகூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போன மருமகன். தன் பெயர் முதலாவதாக இருப்பதைப் பார்த்த ரீத்தா அன்று இரவு குழம்பில் உப்பை அள்ளிப் போட்டார் என்று செபாஸ்டியன் பின்னால் சொல்வதுண்டு. ரீத்தா அதை மறுத்துவிடுவார்.

பூனை நம்மைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் நம்பிக்கை வைத்திருக்கிறது என்று அர்த்தம், நாமும் அப்படியே செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தானாக வரட்டும், நாமாகத் தூக்கக் கூடாது என்றும் சேர்த்துத்தான் சொன்னார். செபாஸ்டியன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார். பலகையில் தூங்கும் குவாச்சியின் மூக்குக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கெட்டுப்போன சாலை விளக்கு மாதிரி கண்ணை மூடி மூடித் திறந்தார். அது காதைப் பக்கவாட்டில் மடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது. தேதித் தாளில் பதிவுகள் குறையவில்லை. இரண்டு வாரத்தில் ஐந்து. எல்லாமே பகலில், காலை ஒன்பதுக்கும் மதியம் மூன்றுக்கும் இடையில்.

நவம்பர் தொடக்கத்தில் கிறிஸ்டல் வீடு மாற்றினாள். அப்பா வந்து விளக்கு, மின்விசிறியெல்லாம் மாட்டிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றாள். ரீத்தாவுக்குக் கிறிஸ்துமஸ் துணி குவிந்து கிடந்ததால் இவர் மட்டும் கிளம்பினார். தேதித் தாளைத் தவறாமல் நிரப்ப வேண்டும் என்று மனைவியிடம் மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் போய் நின்றார். ஐந்து நாளும் வெறுமை. ஒரு பதிவுகூட இல்லை. செபாஸ்டியனுக்குத் தலைகால் புரியவில்லை. மணல்தான், இல்லை பலகைதான், எதுவோ ஒன்று வேலை செய்துவிட்டது என்று குதித்தார். குவாச்சியைத் தூக்கி முத்தம் கொடுத்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார். டேரிலுக்குக் கூப்பிட்டு, பூனை இல்லை, வேறு ஏற்பாடு செய்துகொள் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். ரீத்தா தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு, மடித்து வைத்திருந்த செபாஸ்டியனின் பூசைச் சட்டையின்மேல் குவாச்சி குந்தியது.

சட்டையை ஊறப் போட்டுவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு தாளின் முன்னால் வந்து நின்றார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். பிறகு கை நின்றுவிட்டது. தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் ஐந்து நாள் ஒழுங்காக ஓடி, ஆறாம் நாள் மறுபடியும் தகராறு செய்தால் அங்கே முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அந்த ஐந்து நாளும் லீவில் இருந்தது யார்? இந்தக் கேள்வியை அவரே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே எதிரில் நிற்பவனின் முகம் தொங்கிப் போவதைப் பார்த்திருக்கிறார். அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

குவாச்சி பகல் முழுவதும் தூங்குகிற பிராணி. ஆறு வருஷம் காலையிலிருந்து மாலை வரை அந்த வீடு அதற்கு அமைதியாக இருந்தது. ஒரே தாளத்தில் ஓடுகிற தையல் இயந்திரம், வெயில் விழுகிற நாற்காலி, அவ்வளவுதான். ஜூன் மாதத்திலிருந்து ஒருவர் அதை எழுப்பிக்கொண்டும், தூக்கிக்கொண்டும், கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மணலைக் குறை சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. செபாஸ்டியன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "மனிதன்" என்ற கட்டத்தில் ஐந்து பெயரையும் அடித்துவிட்டு, கீழே தன் பெயரை எழுதி, ரீத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருடைய முகத்தைப் பார்த்து ரீத்தாவுக்கே பாவமாகிவிட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ங்க" என்றார் ரீத்தா. "எப்படிச் சொல்றது? எனக்கும் அப்படித்தான் இருந்திச்சி. நான் வாயுள்ள ஆளு, பொறுத்துக்கிட்டேன். அது எங்கதான் போவும்?"

அந்தப் பேச்சு செபாஸ்டியனைத் தைத்தது. ஆனால் பழுது தெரிந்த பிறகு சரிசெய்யாமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளித்து, உடுத்திக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போனார். எங்கே போவது என்று லிஃப்டில் இறங்கும்போதுதான் யோசித்தார். முதல் நாள் வெல்ட் கீ படகுத்துறையில் உட்கார்ந்து வருகிற ஃபெரியையும் போகிற ஃபெரியையும் பார்த்தார். இரண்டாம் நாள் அதே ஃபெரியில் ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் போய், இறங்கி, அடுத்ததில் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பாகான் டாலாமில் இருக்கும் பழைய சிநேகிதர் திருநாவுக்கரசின் ஞாபகம் வந்தது. அவர் வீட்டு முன்பக்கத்தில் மின்விசிறி, அரிசி அவிக்கும் மின்சாதனம் எல்லாம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். செபாஸ்டியன் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன ஏது என்று கேட்காமல் அவரும் ஒரு விசிறியை இவர் பக்கம் தள்ளி வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் பாகான் டாலாம்தான். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்பதற்காக வேலை முடிந்த பிறகும் படகுத்துறையில் உட்கார்ந்திருந்துவிட்டு ஏழரைக்குத்தான் வீட்டுக்கு வருவார். மருந்து கொஞ்சம் சாப்பிட்டால் கொஞ்சம் குணம், நிறையச் சாப்பிட்டால் நிறையக் குணம் என்பது அவருடைய கணக்கு. வந்ததும் பலகைமேல் இருக்கும் குவாச்சியை நிமிர்ந்து பாராமல், சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போவார். கூப்பிட வாய் துடிக்கும். அடக்கிக்கொள்வார். தேதித் தாள் வெறுமையாக நீண்டது. ஒரு வாரம். இரண்டு வாரம். ரீத்தா புதிதாக ஊதாத் துணி வாங்கி, பீட விரிப்பை மறுபடியும் தைத்து முடித்துவிட்டார். செபாஸ்டியன் ஜெயித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தான் இல்லாத வீட்டில் எல்லாம் நலமாக இருக்கிறது என்பதைத் தினமும் தாளில் பார்த்து உறுதி செய்துகொள்வது என்ன மாதிரியான ஜெயம் என்று படகுத்துறையில் உட்கார்ந்து சில நாள் நினைத்ததுண்டு. அழுகை வந்ததும் உண்டு.

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, ஏழரைக்குக் கதவைத் திறந்தவரின் கால் ஈரத்தில் பட்டது. வாசலுக்கு உட்புறம், மிதியடிக்குப் பக்கத்தில், அவருடைய பழைய செருப்பு இருக்கும் இடத்தில் ஒரு சிறு குட்டை. குவாச்சி பலகைமேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

அவ்வளவுதான், செபாஸ்டியன் இடிந்து உட்கார்ந்துவிட்டார். தன் செருப்பின் வாசனைகூட அதற்கு ஆகவில்லை என்றுதான் அவருக்குப் புரிந்தது. குட்டையைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து டேரிலைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து பூனையை எடுத்துக்கொண்டு போ, உள்ளே வரும் கார்களுக்கு வழி வேறு, அதற்கு இடம் வேறு என்று தடுப்பு வைத்துக் கொடு, நானே வந்து அடித்துத் தருகிறேன் என்று சொன்னார். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று அவன் கேட்டதற்குச் சளி என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து கூடையை எடுத்துத் தூசி தட்டினார்.

ரீத்தா தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, கூடையை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தார்.

"டேரில வர வேணாம்னு சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ஜுருவுக்குப் போன காலத்துல, சாயந்தரம் அஞ்சே காலுக்கு இது எந்திரிச்சு வாசல்ல போய் உக்காரும். பஸ் லேட்டானா நீங்க வர்ற வரைக்கும் அங்கயேதான் இருக்கும். இது எந்திரிக்கிறதப் பாத்துத்தான் நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பேன். ஆறு வருஷமா நான் கடிகாரத்தப் பாத்ததே இல்லங்க."

கதவைத் திறந்தால் சூடாகத் தேநீர் தயாராக இருக்கும், என் வீட்டுக்காரிக்கு என் காலடிச் சத்தம் கீழே கேட்கும்போதே தெரிந்துவிடும் என்று செபாஸ்டியன் கம்பெனி பஸ்ஸில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பார். கதவுக்குப் பக்கத்தில் பூனை நிற்பதையும் தினமும் பார்த்திருக்கிறார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்திருக்கும் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்.

ஜூன் மாதத்தோடு அது வாசலுக்குப் போவதை விட்டுவிட்டது என்றார் ரீத்தா. வீட்டிலேயே இருக்கிற மனுஷனுக்காக அது எங்கே போய்க் காத்திருக்கும்? இவர் மறுபடியும் வெளியே போக ஆரம்பித்து ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் போய் உட்கார்ந்தது. ஐந்தே காலுக்கு உட்காரும். ஆறாகும், ஆறரையாகும். செருப்பை முகர்ந்து பார்க்கும். ஏழு மணிக்கு எழுந்து பலகைக்குப் போய்விடும். பத்து நாளாக இதுதான் நடக்கிறது, இன்றைக்குத்தான் அதற்குப் பொறுக்கவில்லை.

"இத ஏன் நீ மொதல்லயே சொல்லல?"

ரீத்தா, துணியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த நூல் ஒன்றைச் சேலையிலிருந்து எடுத்துப் போட்டார். வீடு அவருக்கும் அமைதியாக இருந்தது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். சொன்ன பிறகு அவருடைய கண் கலங்கியது. செபாஸ்டியனுக்குக் கோபம் வரவில்லை. "மனிதன்" கட்டத்தில் தன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் எழுத வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றியது. டேரிலைக் கூப்பிட்டு, எலிக்கு வேறு வழி பார்த்துக்கொள் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல ஏழு மணிக்குக் கிளம்பிப் போனார். பாகான் டாலாமில் நாலு மணிக்கே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவரைத் திருநாவுக்கரசு ஆச்சரியமாகப் பார்த்து, என்ன அண்ணே, அவசரமா என்று கேட்டார். வீட்டில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று செபாஸ்டியன் சொன்னார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. ஃபெரியில் உட்காராமல் முன்பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். வெல்ட் கீயில் எல்லாருக்கும் முன்னால் இறங்கி, சாப்பாட்டுப் பை தொடையில் அடிக்க அடிக்க, அறுபது வயது ஆள் நடக்கக் கூடாத வேகத்தில் நடந்தார்.

ஆறாவது மாடியில் சாவியைத் துளையில் வைப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. கதவைப் பார்த்துப் பார்த்துத் திறந்தார். குவாச்சி வாலை நேராகத் தூக்கிக்கொண்டு நின்றது. கால்சட்டை ஓரத்தை முகர்ந்தது. ஃபெரி, எண்ணெய், பாகான் டாலாம், யார் யாரோ தொட்ட விசிறிகள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் முகர்ந்தது. பிறகு கன்னத்தை அவர் காலில் அழுத்தித் தேய்த்து, சுற்றி வந்து, மறுபடியும் தேய்த்தது. தூக்கிவிடக் கூடாது என்று பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது போதும் என்று நகர்கிற வரை செபாஸ்டியன் வாசலிலேயே நின்றார். சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.